கறுப்பின மாப்பிள்ளை, திருச்சிக் குடும்பம்: இந்தக் கல்யாணம் நிலைக்குமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திருச்சிப் பெண், நியூஜெர்சியில் வேலை. மூன்று வருடங்களாக அமெரிக்கக் கறுப்பின இளைஞர் ஒருவரைக் காதலிக்கிறீர்கள், அடுத்த வருடம் திருமணம் செய்துகொள்ளலாம் என்று யோசனை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதற்கிடையே உங்கள் ஆபீசில் ஒருவர், "இந்த மாதிரிக் கல்யாணமெல்லாம் இங்கே நிலைக்காது, புள்ளிவிவரமே இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஊராரின் பார்வை எங்கள் உறவைக் கெடுத்துவிடுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் நடுவில், அடைப்புக்குறிக்குள், ஒரு வரி இருக்கிறது: "எல்லாவற்றையும் அவர் இனவெறி என்று எடுத்துக்கொள்கிறார், எனக்கு அப்படித் தோன்றுவதில்லை, அதில்தான் அடிக்கடி சண்டை." என்னைக் கேட்டால், உங்கள் கேள்வியே அந்த வரிதான்.

நான் அட்லாண்டா பக்கம் தம்பதிகளுக்கான கவுன்சலிங் செய்கிறேன். இனம் கலந்த தம்பதிகள் பல வருடங்களாக வருகிறார்கள், அதில் தமிழர்களும் உண்டு. இதில் ஒன்றை முதலிலேயே கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்கள். சந்தோஷமாக இருக்கிற ஜோடி எதற்குக் காசு கட்டி என் எதிரே வந்து உட்காரப்போகிறது? அதனால் என் அனுபவத்தை வைத்து "இத்தனை பேர் பிரிவார்கள்" என்று நான் சொன்னால் அதை நம்பாதீர்கள். உறவு எந்த இடத்தில் விரிசல் விடுகிறது, எது அதைத் தாங்குகிறது என்பதை மட்டும் என்னால் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடியும். கீழே வரும் உதாரணங்களும் பலர் கதைகளில் பொதுவாக இருப்பவை, யாரோ ஒருவருடையவை அல்ல.

ஆபீஸ் நண்பரின் புள்ளிவிவரத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் முழுப் பொய் சொல்லவில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, 2002-இல் அமெரிக்கா முழுவதும் எடுத்த ஒரு குடும்பக் கணக்கெடுப்பை வைத்து, இனம் கலந்த திருமணங்களில் மொத்தமாகப் பார்த்தால் விவாகரத்து கூடுதல் என்றது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் படம் வேறு. வெள்ளைப் பெண்ணும் கறுப்பின ஆணும் சேர்ந்த திருமணங்களில் பிரிவு அதிகம். வெள்ளை ஆணும் வேற்றினப் பெண்ணும் சேர்ந்த திருமணங்களில் வெள்ளையர் தங்களுக்குள் செய்த திருமணங்களின் அளவுதான், அல்லது அதைவிடக் குறைவு. இனம் கலப்பதே விஷம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறியிருக்க வேண்டுமல்லவா? அடுத்த வருடம் வந்த இன்னொரு ஆய்வு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளைப் பார்த்தது. கறுப்பினத்தவர் ஒருவராக இருக்கும் கலப்பு மணங்கள் அதில் குறைவாகவே நிலைத்தன. ஆசியர் ஒருவராக இருப்பவை, வெள்ளையர் தங்களுக்குள் செய்த திருமணங்களைவிடவே உறுதியாக இருந்தன. நீங்கள் ஆசியர், அவர் கறுப்பினத்தவர். எந்த வரியை எடுத்துக்கொள்வீர்கள்? எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியரும் கறுப்பினத்தவரும் சேர்ந்த தம்பதிகளின் எண்ணிக்கை இத்தகைய ஆய்வுகளில் தனியாகப் பிரித்துப் பேசும் அளவுக்கு இருப்பதில்லை. தவிர, வருமானம், திருமண வயது, பெற்றோரின் விவாகரத்து எல்லாம் இந்த எண்களுக்குள் பின்னிக் கிடக்கின்றன. உறவின் திருப்தியை அளந்த 2006-ஆம் வருட ஆய்வொன்றில், இனம் கலந்த ஜோடிகள் மற்றவர்களைவிடக் கூடுதல் திருப்தியோடு இருப்பதாகத்தான் சொன்னார்கள். சண்டையின் அளவில் வேறுபாடு இல்லை. அது காதலிக்கும் கல்லூரி மாணவர்களை அதிகம் நம்பிய ஆய்வு, அதையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டாம்.

சரி, ஊர்ப் பார்வை. இதில் உறுதியாகத் தெரிந்தவை நிறைய. 1958-இல் வெர்ஜீனியாவில் ஒரு வெள்ளைக்காரரும் அவருடைய மனைவியும் நள்ளிரவில் படுக்கையறையில் வைத்துக் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பெண் கறுப்பின, பூர்வகுடி வம்சாவளி. வாஷிங்டனில் முறைப்படி திருமணம் செய்துகொண்டு ஊருக்குத் திரும்பியதுதான் குற்றம். 25 வருடம் மாநிலத்துக்குள் சேர்ந்து வரக்கூடாது என்ற நிபந்தனையோடு சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. லவிங் என்ற அந்தத் தம்பதியின் வழக்கில்தான் 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் இத்தகைய சட்டங்களைச் செல்லாதவை ஆக்கினார்கள். அப்போது 16 மாநிலங்களில் அவை உயிரோடு இருந்தன. அலபாமா தன் அரசியலமைப்பிலிருந்து அந்த வரியை நீக்க 2000 வரை எடுத்துக்கொண்டது. அந்த வாக்கெடுப்பிலும் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் "அது இருக்கட்டும்" என்றே ஓட்டுப் போட்டார்கள். இன்னொரு பக்கம், கறுப்பு வெள்ளைத் திருமணத்தை ஏற்பதாகச் சொன்னவர்கள் கேலப் கருத்துக்கணிப்பில் 1958-இல் 4 சதவீதம், 2021-இல் 94 சதவீதம். ஒரு நாட்டின் அபிப்பிராயம் இவ்வளவு புரண்டது அபூர்வம்.

அந்த 94-ஐ முழுசாக நம்பலாமா என்பதுதான் சந்தேகம். யாரோ இருவர் மணப்பதில் ஆட்சேபம் இல்லை என்பது வேறு, என் வீட்டுப் பிள்ளை என்றால் வேறு. பியூ ஆய்வு மையம் அலசிய ஒரு நாடு தழுவிய கணக்கெடுப்பு இதையே கேட்டது: உங்கள் நெருங்கிய உறவினர் கறுப்பினத்தவர் ஒருவரை மணந்தால் எதிர்ப்பீர்களா? கறுப்பினத்தவர் அல்லாதவர்களில் 1990-இல் 63 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், 2016-இல் 14 சதவீதம். பெரிய இறக்கம்தான். ஆனால் ஏழு பேரில் ஒருவர் அப்போதும் வெளிப்படையாகவே "எதிர்ப்பேன்" என்றார். வாயால் சொல்லாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். 2013-இல் சீரியோஸ் காலை உணவு விளம்பரத்தில் வெள்ளை அம்மா, கறுப்பு அப்பா, நடுவில் ஒரு சின்னப் பெண் வந்தார்கள். அவ்வளவுதான். யூடியூபில் வந்த வசவைத் தாங்காமல் பின்னூட்டப் பகுதியை மூட வேண்டியிருந்தது. கலப்பு ஜோடிகளின் படங்களைப் பார்க்கும்போது அருவருப்போடு தொடர்புடைய மூளைப் பகுதி கூடுதலாகச் செயல்படுவதாக 2017-இல் ஓர் ஆய்வும் வந்தது. கல்லூரி மாணவர்கள் சிலரிடம் மட்டும் செய்தது என்பதால் நான் அதன்மேல் அதிகம் சாய்வதில்லை.

ஆக, பார்வைகள் கற்பனை இல்லை. அவை உங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைகின்றன என்று பாருங்கள். ஓட்டலில் பரிமாறுகிறவர் உங்கள் இருவரையும் பார்த்து "பில் தனித்தனியா?" என்று கேட்கிறார். இந்தியன் கடையில் கல்லாவில் இருப்பவர் உங்களிடம் மட்டும் பேசி, அவருடைய கையைக் கண்காணிக்கிறார். இரவு ஹைவேயில் போலீஸ் வண்டி பின்னால் விளக்குப் போடுகிறது, அவர் ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சிலையாகிறார். நீங்கள், "ஸ்பீடா வந்தோம், டிக்கெட் கொடுப்பான், அவ்வளவுதானே, ஏன் இவ்வளவு டென்ஷன்?" என்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியம் பரிமாறுகிறவரும் கடைக்காரரும் போலீசும் சேர்ந்து செய்ததைவிட ஆழமாகப் போகும். வெளியில் பட்ட அவமானத்தை வீட்டுக்குள் ஒருவரிடம் சொல்லும்போது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அவரே சொல்லிவிட்டால், அடுத்த தடவை சொல்லத் தோன்றாது. அப்புறம் அவர் சொல்வதை நிறுத்திவிடுவார். நீங்கள் "இப்போதெல்லாம் அவர் பரவாயில்லை, எதையும் பெரிதுபடுத்துவதில்லை" என்று நிம்மதி அடைவீர்கள். இரண்டு வருடம் கழித்து என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து, "எங்களுக்குள் பேச்சே இல்லை" என்பீர்கள். இந்த வரிசையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முறைத்துப் பார்த்த அந்நியரால் பிரிந்த ஜோடி என்று ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

இதில் உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. நாம் வளர்ந்தபின் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். விசா, ஹெச்ஒன்பி, கிரீன் கார்டு என்று நம் பயங்களே தனி. எல்லாரிடமும் சிரித்துப் பேசி, கண்டும் காணாமல் போய், வேலையைப் பார் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். அவருக்கோ, போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பெற்றோர் சின்ன வயதிலேயே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கறுப்பினக் குடும்பங்களில் அதற்கென்றே ஒரு பேச்சு நடக்கும். அவர் மிகைப்படுத்துகிறாரா, நீங்கள் கவனிக்கவில்லையா? சில நாள் அவர் தவறாகவும் இருக்கலாம். அந்தப் பரிமாறுகிறவர் எல்லோரிடமும் தனித்தனி பில்லா என்று கேட்பவராக இருக்கலாம். ஒற்றைச் சம்பவத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதுதான் இந்தத் தொல்லையின் குணமே.

எப்போதாவது அதை அளக்கவும் வாய்க்கிறது. 2020-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஒரு தம்பதியின் வீட்டுக்கு வங்கி மதிப்பீட்டாளர் 3,30,000 டாலர் என்று எழுதிக்கொடுத்தார். மனைவி கறுப்பினப் பெண், கணவர் வெள்ளையர். மனைவிக்குச் சந்தேகம் வந்தது. மறு மதிப்பீடு கேட்டார்கள். இந்தத் தடவை சுவரிலிருந்த தன் குடும்பப் படங்களையும், கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களையும் எடுத்து ஒளித்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மனைவி வெளியே போய்விட்டார். கணவர் மட்டும் வீட்டில். புதிய மதிப்பு 4,65,000 டாலர். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பணம் இல்லை. மனைவி "இதற்குக் காரணம் நான்தான்" என்று சொன்னபோது கணவர் "சும்மா இரு, மார்க்கெட் அப்படி" என்று சொல்லியிருந்தால் இரண்டாவது மதிப்பீடே நடந்திருக்காது.

இது என் அனுபவம் மட்டுமில்லை. இனம் கலந்த ஜோடிகளையும் ஒருபால் ஜோடிகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில், உறவின் மேல் விழும் களங்கம் உறவின் தரத்தைக் குறைக்கிறது என்றும், அழுத்தத்தை இருவரும் சேர்ந்து சமாளிக்கும் ஜோடிகளில் அந்தப் பாதிப்பு குறைகிறது என்றும் வருகிறது. எது முதலில் வந்தது, நல்ல உறவா, சேர்ந்து சமாளிக்கும் பழக்கமா என்பதை அவை திட்டமாகப் பிரித்துக் காட்டவில்லை. நான் அதற்காகக் காத்திருக்காமல் பழக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் ஏதாவது சொன்னால் முதல் பதில் "அப்படி இருக்காது" என்று வரக்கூடாது. "என்ன நடந்தது, சொல்லு" என்று வரட்டும். நீங்கள் பார்த்தது வேறாக இருந்தால் அதை அடுத்த நாள் பேசலாம், குடி முழுகிப்போகாது. போலீஸ் நிறுத்தினால் யார் பேசுவது, உங்கள் உறவினர் வீட்டில் யாராவது கேலி பேசினால் யார் வாய் திறப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இரண்டாவதற்குப் பதில் எப்போதும் நீங்கள்தான். உங்கள் ஆட்களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், அவருடைய ஆட்களுக்கு அவர். அவர் பக்கத்திலும் "நம்ம பெண்கள் யாரும் கிடைக்கவில்லையா?" என்று ஓர் அத்தை கேட்பார், அதையும் எதிர்பாருங்கள்.

நம் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் கனமான பாதி இங்கேதான் இருக்கிறது. வெர்ஜீனியாவின் அந்தப் பழைய சட்டம் வெள்ளையர் கலந்த திருமணங்களை மட்டுமே தடுத்தது. வெள்ளையர் அல்லாத இருவர் தங்களுக்குள் மணந்தால் அதற்குக் கவலையில்லை. உச்ச நீதிமன்றமே அதைக் குறிப்பிட்டுத்தான் இது வெள்ளை மேலாதிக்கத்துக்கான சட்டம் என்றது. இந்தியரும் கறுப்பினத்தவரும் சேரும்போது அமெரிக்கச் சட்டத்தின் தடையை விட நம் வீட்டுக் கூடத்தின் தடைதான் பெரிதாக இருந்திருக்கிறது. கமலா ஹாரிஸின் அம்மா ஷியாமளா கோபாலன் 19 வயதில் 1958-இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த தமிழ்ப் பெண். ஜமைக்காவிலிருந்து வந்த டொனால்ட் ஹாரிஸை 1963-இல் மணந்தார். கலிபோர்னியாவில் அந்தத் தடை 1948-லேயே நீங்கியிருந்தது. கமலா தேர்தலில் நின்றபோது அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவர் படம் போட்டுப் பேனர் கட்டினோம். அதே ஆட்கள் தன் மகள் அப்படி ஒருவரைக் கூட்டிவந்தால் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியாததா? "வெள்ளைக்காரனா இருந்தாலாவது…" என்று தொடங்கும் வாக்கியத்தை படித்தவர்கள், முற்போக்கு பேசுகிறவர்கள் வாயிலிருந்தே என் அறையில் கேட்டிருக்கிறேன். மணமகள் தேவை விளம்பரத்தில் சிவந்த நிறம் கேட்ட ஊர், சாதி பார்த்த ஊர், விமானம் ஏறியதும் அதைக் கீழே போட்டுவிடாது. 2020-இல் அமெரிக்க இந்தியர்களிடையே கார்னகி அமைப்பு எடுத்த கணக்கில் பத்தில் எட்டுப் பேரின் துணை இந்திய வம்சாவளிதான்.

இங்கே தமிழ் சினிமா போட்ட ஒரு முடிச்சையும் அவிழ்க்க வேண்டும். எதிர்ப்பு வந்தால் காதல் இறுகும் என்று நாம் நம்பி வளர்ந்திருக்கிறோம். உளவியலிலும் 1972-இல் கொலராடோவில் 140 ஜோடிகளை வைத்து அப்படி ஓர் ஆய்வு வந்து, ரோமியோ ஜூலியட் விளைவு என்ற பெயரோடு பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. 2014-இல் அதையே மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. கிடைத்தது நேர் எதிர்: குடும்பமும் நண்பர்களும் ஏற்கும் உறவில்தான் அன்பும் உறுதியும் கூடுதல். எனவே "அம்மா அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும், நாங்கள் இன்னும் நெருக்கமாவோம்" என்று திட்டம் போடாதீர்கள். பெற்றோர் ஏற்காமலேயே நன்றாக வாழும் ஜோடிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் எப்போதும் வேறு யாராவது இருப்பார்கள்: ஒரு சித்தப்பா, ஓர் அண்ணன், அவருடைய அம்மா, நாலு நல்ல நண்பர்கள்.

பிள்ளைகள் பேச்சைப் பெற்றோர் நிச்சயம் எடுப்பார்கள், "பிறக்கப்போகிற குழந்தை என்ன பாவம் செய்தது?" என்று. இந்த வாதம் அமெரிக்காவுக்கும் பழசுதான். 2009-இல் லூசியானாவில் ஓர் அமைதி நீதிபதி (திருமணம் நடத்திவைக்கும் அதிகாரமுள்ள உள்ளூர் நீதிபதி), குழந்தைகளின் நன்மைக்காக என்று சொல்லியே ஒரு கலப்பு ஜோடிக்குத் திருமணம் செய்துவைக்க மறுத்து, பதவியை விட்டு விலக நேர்ந்தது. அதற்கு முன்பே, கறுப்பினத்தவரை மணந்ததால் குழந்தை ஊரார் ஏச்சுக்கு ஆளாகும் என்று சொல்லி ஃபுளோரிடா நீதிமன்றம் ஒரு வெள்ளைத் தாயிடமிருந்து மகளை எடுத்துத் தந்தையிடம் கொடுத்திருந்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தனிமனிதர்களின் வெறுப்பைச் சட்டத்தால் ஒழிக்க முடியாமல் போகலாம், ஆனால் சட்டம் அதற்குக் கை கொடுக்கக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். பிள்ளைகளைப் பற்றி நான் சொல்லக்கூடியது: அவர்களைத் தெருவில் போலீசும் பள்ளியில் மற்ற பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளாகவே பார்க்க வாய்ப்பு அதிகம். தமிழும் கொலுவும் பொங்கலும் கொடுங்கள், ஆனால் போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்ற அந்தப் பேச்சை அப்பா மட்டும் பேசட்டும் என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

கடைசியாக, வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவரைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் நேரில் நிறுத்தினால் மறுக்க முடியாது என்ற யோசனையை விட்டுவிடுங்கள். வாசலில் அம்மாவின் முகம் மாறும் அந்த ஒரு நொடியை அவர் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டார், அம்மாவுக்கும் அதைத் திருத்திக்கொள்ள வழி இருக்காது. முதலில் நீங்கள் தனியாக, போனிலாவது, சொல்லுங்கள். சொல்லும்போது நல்ல வேலை, நல்ல குணம், குடிப்பதில்லை என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் "ஆனா கறுப்பினத்தவர்" என்று முடிக்காதீர்கள். அப்படிச் சொன்னால் அது குறை என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. முதல் இரண்டு வாக்கியத்துக்குள் சொல்லிவிடுங்கள். தங்கை கல்யாணம் என்னாகும், நாலு பேருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர்கள் பயப்படுவது நிஜமான பயம், அதற்கு அவகாசம் கொடுங்கள். அவரை மட்டமாகப் பேசினால் அது வேறு, அதற்கு அவகாசம் இல்லை, "இப்படிப் பேசினால் போனை வைத்துவிடுவேன்" என்று சொல்லி வைத்துவிடலாம். அம்மா சொன்னதை அவரிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்று இருவரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். சிலர் ஒவ்வொரு வார்த்தையும் தெரிய வேண்டும் என்பார்கள், சிலர் "என்ன நிலைமை என்று மட்டும் சொல், போதும்" என்பார்கள். எதுவானாலும் "அம்மாவுக்குச் சம்மதம்தான், கொஞ்சம் டைம் கேட்கிறாங்க" என்று பூசி மெழுக வேண்டாம். உங்கள் குரலை வைத்தே அவர் கண்டுபிடித்துவிடுவார்.